ஒன்றரையை வரிக்குள் அடக்குவது: தமிழ்ப்பள்ளிக் கணித நூல்களின் பக்க வடிவமைப்பு

கோலாலம்பூரில் தமிழில் கணித நூல் அச்சாகிறது என்றால் அது பெரும்பாலும் தொடக்கப்பள்ளி நூல்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கணிதம் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடுகிறது. ஆகவே செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கணினி முன் அமர்ந்து பயிற்சி நூல் வடிவமைப்பவரின் மேசைக்குத் தொகையீட்டுக் குறி வருவதேயில்லை. வருவதெல்லாம் 1½, 4 078 × 23, நீள் வகுத்தல், செ.மீ³, ரிம12.40. பார்த்தால் எளிய சரக்கு. ஆனால் கணித அச்சுக்கோப்புக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இந்தச் சரக்கை மனத்தில் வைத்துப் பிறந்தவை அல்ல.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்து, 1978இல் 'டெக்' மென்பொருளின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அவருக்குத் தேவைப்பட்டது உயர்கணிதம். பின்னால் வந்த மேத்டைப், வேர்டு சமன்பாட்டுக் கருவி எல்லாம் அதே தடத்தில்தான் நடந்தன. மூன்றடுக்குத் தொகையீட்டை அரை நிமிடத்தில் அடித்துவிடலாம். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் 4ஐக் குறுக்குக் கோட்டால் அடித்துவிட்டு மேலே சின்னதாக 3 போட வேண்டும் என்றால், அதற்குப் பட்டியலில் பொத்தான் இருக்காது. தொடக்கப்பள்ளிக் கணக்கில் இலக்கம் நிற்கும் இடமே பொருள். பத்தின் கீழ் பத்து நிற்காவிட்டால் கணக்கே வேறாகிவிடும்.

மலேசியாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப்பள்ளிகளும் மாறின. அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று 2009 ஜூலையில் அறிவித்த பிறகு, 2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய கேஎஸ்எஸ்ஆர் என்னும் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தோடு கணிதம் மறுபடி தமிழுக்கு வந்தது. 2016 முதல் இருமொழித் திட்டமும் சேர்ந்துகொண்டதால் சில பள்ளிகளில் இன்னும் ஆங்கிலம்தான். நடுவில் போன அந்த எட்டு ஆண்டுகள் அச்சுத்தொழில் தலைகீழாக மாறிய ஆண்டுகளும்கூட. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழு 2001இல் வெளிவந்தது. அப்புறம் அதை வெளியிட்ட அடோபியின் கவனமெல்லாம் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் மேல். 8-பிட் தமிழ் எழுத்துருக்கள் ஒதுங்கி யூனிகோடு நிலைத்ததும் அப்போதுதான். தமிழ்க் கணிதப் பக்கம் இந்த மாற்றத்தில் படிப்படியாக நடந்து வரவில்லை, ஒரே தாண்டாகத் தாண்டியது. அதனால்தான் பழைய பயிற்சிகளை மீட்டெடுக்கும் வேலை இங்கே இத்தனை தொல்லை தருகிறது.

அந்தத் தொல்லையின் வேர் 256 இடங்கள். 8-பிட் எழுத்துருவில் அவ்வளவுதான் இடம். டாப் போன்ற இருமொழி எழுத்துருக்கள் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கும் இலக்கத்துக்கும் விட்டுவிட்டு, மேல்பாதியில் தமிழைக் குடியேற்றின. விண்டோஸின் ஆங்கில எழுத்துருவில் ×, ÷, °, ±, ², ¼, ½, ¾ எல்லாம் குடியிருந்த வீடு அதே மேல்பாதி. தமிழ் உள்ளே வந்ததும் கணிதக் குறிகள் தெருவுக்கு வந்தன. ஆகவே ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் எழுத்துருவை 'சிம்பல்' என்று மாற்றி, அடித்து, மறுபடி தமிழுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவசரத்தில் இருந்தவர்கள் ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போட்டு முடித்தார்கள்.

இப்போது அந்தக் கோப்பிலிருந்து உரையை மட்டும் எடுத்து யூனிகோடு மாற்றியில் போட்டால் எழுத்துருத் தகவல் உதிர்ந்துவிடும். சிம்பல் எழுத்துருவின் × வெறும் ´ ஆகும்; ÷ வால் போன்ற ¸ ஆகும். பை குறி ஆங்கிலப் 'பி' எழுத்தாகும். 'ஆகவே' என்னும் மூன்று புள்ளிக் குறி \ ஆகும். ≤ பவுண்டுக் குறி £ ஆவதும் ≥ மேல்மூன்று ³ ஆவதும் இன்னும் மோசம், ஏனென்றால் ³ ஒரு கணிதப் பக்கத்தில் இயல்பாகவே உட்கார்ந்துவிடும், மெய்ப்பில் கண்ணுக்குப் படாது. மாற்றி ஒருவேளை இவற்றையும் தமிழ் என்று எடுத்துக்கொண்டால் கணக்கின் நடுவே ஓர் எழுத்து முளைக்கும்.

தப்பிக்க வழி, மாற்றுவதற்கு முன்பே பழைய கோப்புக்குள் வேலையை முடிப்பது. பேஜ்மேக்கரின் தேடி மாற்றும் வசதியில் எழுத்துருவையும் நிபந்தனையாகக் கொடுக்கலாம். சிம்பலில் உள்ள ×ஐத் தேடி 90909090901 என்றும், ÷ஐ 90909090902 என்றும் மாற்றுங்கள். இலக்கங்களாகவே வைப்பதற்குக் காரணம் உண்டு: டாம் போன்ற ஒருமொழி எழுத்துருக்கள் கீழ்ப்பாதியின் ஆங்கில எழுத்துகளையும் விட்டுவைக்கவில்லை, ஆனால் இலக்கங்களைத் தொடவில்லை. பதினொரு இலக்கம் எதற்கு? ஆறாம் ஆண்டுக் கணக்கே பத்து மில்லியனோடு நின்றுவிடுகிறது, ஆகவே அடையாளம் உண்மையான எண்ணோடு மோதாது. யூனிகோடுக்கு மாறிய பிறகு அடையாளங்களைக் குறிகளாக்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை: பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6 வரைதான் இருந்தது. அந்தப் பழைய பதிப்பு ஓடும் கணினி அச்சகத்தின் மூலையில் கிடந்தால் விற்றுவிடாதீர்கள்.

புதிதாகத் தொடங்கும் நூலில் முதல் வேலை இன்டிசைனின் பத்தி ஸ்டைலில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்ற எழுத்துக்கோப்பு முறையின் தேர்வு. வழக்கமான கம்போசரில் விட்டால் 'கெ' எழுத்தின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தியில் மட்டும் மாற்றினால் போதாது. அடிப்படை ஸ்டைலிலேயே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அட்டவணைக்குள்ளும் பின்னச் சட்டங்களுக்குள்ளும் பழைய கம்போசர் ஒளிந்துகொண்டிருக்கும்.

இனி பின்னம். தமிழ்க் கணித நூலில் அதிக நேரம் தின்பதும் அதிகம் கெடுவதும் இதுதான். நான்காம் ஆண்டு நூலுக்கு 14 பாயிண்ட் தமிழ், வரிக்கு வரி 21 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். இலக்கத்தின் உயரம் ஏறக்குறைய எழுத்தளவில் 70 விழுக்காடு, அதாவது 9.8 பாயிண்ட். தொகுதியையும் பகுதியையும் முழு அளவில் அடுக்கினால் 19.6, கோட்டுக்கு மேலும் கீழும் 1.5 பாயிண்ட் இடைவெளி, கோடு 0.5. மொத்தம் 23.1. 21இல் இது அடங்காது. ஆங்கிலப் பக்கத்தில் கொஞ்சம் மீறினாலும் பாதகமில்லை. மேல்வரியில் தொங்கும் எழுத்து சிலவே. தமிழில் மேல்வரியில் 'கு', 'மூ', 'ழு' கீழே இறங்கி நிற்கும். கீழ்வரியில் 'கி', 'தீ' சுழித்துக்கொண்டு மேலே வரும். பின்னத்தின் இரு முனையும் இவற்றோடு இடிக்கும்.

வரி இடைவெளி தானியங்கியாக இருந்தால் பின்னம் உள்ள வரி மட்டும் விலகி, பத்தி பல் விழுந்த வாய் போல இருக்கும். நிலையான எண் கொடுத்திருந்தால் வரி விலகாது, பின்னம் மேல்வரி மேல் ஏறிவிடும். இரண்டும் மென்பொருளின் பிழை அல்ல; கொடுத்த கட்டளைக்கு அது பணிகிறது. சரியான வழி, பின்னத்தைச் சுருக்கி வரியைக் கொஞ்சம் அகட்டுவது. 75 விழுக்காட்டில் இலக்கம் 10.5 பாயிண்ட், அதன் உயரம் 7.35. இரண்டு அடுக்கும் இடைவெளியும் கோடும் சேர்த்து 18.2. வரி இடைவெளியை 23 ஆக்கினால் 4.8 பாயிண்ட் மிச்சம். கொம்புக்கும் சுழிக்கும் அது போதும். பின்னம் வரும் பாடம் முழுவதற்கும் 23ஐயே வையுங்கள், வரிக்கு வரி மாற்றாதீர்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குவது பக்கத்தை மிச்சப்படுத்தலாம், பத்து வயதுப் பிள்ளையின் கண்ணை மிச்சப்படுத்தாது.

அடுத்தது உயரம். பின்னக்கோடு எங்கே நிற்க வேண்டும்? பக்கத்தில் உள்ள + குறியின் கிடைக்கோட்டுக்கு நேராக. எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். ஆகவே உங்கள் + குறியை 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி அளந்துவிடுங்கள். எழுத்தளவில் 33 விழுக்காடு என்று வந்தால் 14 பாயிண்டுக்கு 4.6. பின்னத்தின் பாதி உயரம் 9.1, அப்படியானால் அதன் அடி, எழுத்தின் அடிவரிக்குக் கீழே 4.5 பாயிண்டில் இருக்க வேண்டும். இன்டிசைனில் வரிக்குள் ஆங்கர் செய்த, அதாவது உரையோடு சேர்ந்து நகரும்படி பிணைத்த, சட்டத்தின் செங்குத்து நகர்வுக்கு இந்த −4.5ஐக் கொடுத்து, அதை ஆப்ஜெக்ட் ஸ்டைலாகச் சேமித்துக்கொண்டால் நூல் முழுதும் ஒரே இடத்திலிருந்து ஆளலாம். ஒவ்வொரு பின்னத்தையும் சுட்டியால் இழுத்து இழுத்து வைத்த நூலைப் பார்த்தாலே தெரியும்: பின்னக்கோடுகள் ஒரே வரியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சட்டத்துக்குள் இருப்பது படமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பத்திகள் கொண்ட சின்ன உரைச் சட்டமே போதும். மேல்பத்தி நடுச்சீராக, 'கீழ்க்கோடு' வசதியில் 0.5 பாயிண்ட் கோட்டோடு, கோட்டின் அகலம் சட்டத்தின் அகலத்துக்கு. கீழ்ப்பத்தி நடுச்சீராக, கோடில்லாமல். சட்டத்துக்கு அகலம் மட்டும் தானாக விரியும் வசதி, வரி உடையாத தேர்வோடு. 12க்குக் கீழே 125 வந்தாலும் கோடு தானே நீளும். நூல் பாதியில் எழுத்துருவை மாற்றச் சொன்னாலும் கலங்க வேண்டாம்; மேத்டைப் படங்கள் நானூறு இருந்தால் அந்த நானூறையும் திறந்து மூட வேண்டும்.

எழுத்துருவில் உள்ள பின்ன வசதியைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பார்கள். அது சாய்கோட்டுப் பின்னம் தரும். நம் பிள்ளைகள் கற்பது கிடைக்கோட்டுப் பின்னம், ஆகவே உதவாது. அதைவிட, பத்தி முழுவதற்கும் அதை இயக்கிவிட்டால் 12/5/2024 என்ற தேதியும் பின்னமாகிப் போகும். கலப்புப் பின்னத்தில் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் இடையே சாதாரண இடைவெளி விடக் கூடாது. எழுத்தளவில் எட்டிலொரு பங்கு போதும். கூடினால் அது இரண்டு தனி எண்ணாகத் தெரியும், வரி முடிவில் பிரிந்தும் போகும்.

தமிழுக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. மூன்றின் மேல் இரண்டு நிற்பதை நாம் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். பகுதி முதலில், தொகுதி பின்னால். எல்லா மென்பொருளும் தொகுதியைத்தான் முதலில் கேட்கும். ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் தட்டச்சு செய்தாலோ சரிபார்த்தாலோ, காதில் விழுந்த வரிசையில் கை போய், 2/3 என்பது 3/2 ஆக மாறிவிடும். தகு பின்னம் எல்லாம் திடீரென்று தகாப் பின்னமாகியிருந்தால் காரணம் இதுதான். பின்ன மெய்ப்பை வாசித்துப் பார்க்காமல், மூலப்படியையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்லது. (காணி, மா, அரைக்காணி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிக் குறி வைத்திருந்த மொழி இது. தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் ஏறின. இருந்தும் இன்றைய நூல் வேலைக்கு அவற்றால் பயனில்லை.)

செங்குத்துக் கணக்கில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி நேராக்குவது ஒன்று. எழுத்துரு மாறினால் எல்லாம் சரியும், ஆகவே அதைப் பேச வேண்டாம். வலச்சீர் டேப் இரண்டாவது. இரண்டு வரிக் கூட்டலுக்கு வேகமானது. ஆனால் எழுத்துருவில் சம அகல இலக்கம் இருக்க வேண்டும். சில எழுத்துருக்களில் 1 மற்றவற்றைவிட ஒல்லி. 1 111உம் 8 888உம் மேலும் கீழும் வந்தால் இட மதிப்பு ஒன்றுக்கொன்று வழுக்கிப் போகும். மூன்றாவது அட்டவணை. இலக்கத்துக்கு ஒரு கட்டம், இரண்டாம் ஆண்டுக்கு 7 மில்லிமீட்டர், மேல் ஆண்டுகளுக்கு 5 போதும். விடைவரிக்கு மேலும் கீழும் மட்டும் 0.75 பாயிண்ட் கோடு, மற்ற ஓரங்களுக்குச் சுழியம். மீண்டும் குழுவாக்கும்போது வரும் சின்ன இலக்கத்துக்கு மேலே தனி வரி, 60 விழுக்காட்டு அளவில். அடித்துக் காட்டும் இலக்கத்துக்கு எழுத்தின் நடுக்கோட்டு வசதியைப் பயன்படுத்தினால் கோடு படுத்துக்கொண்டு கழித்தல் குறி போலாகிவிடும். அட்டவணைக் கட்டத்தின் மூலைவிட்டக் கோடு என்ற வசதி இருக்கிறது. அதுதான் ஆசிரியர் கரும்பலகையில் இழுக்கும் கோடு.

நீள் வகுத்தலும் இதே அட்டவணைதான். வகுபடும் எண்ணுக்கு மேலே கட்டத்தின் மேற்கோடு, இடப்பக்கம் வளைவு. வளைவை ஒருமுறை பேனாக் கருவியால் வரைந்து நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேத்டைப்பில் நீள் வகுத்தல் வார்ப்பு உண்டு, ஆனால் அது கூரையை மட்டும் போடும். கீழே இறங்கும் படிகளை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். வேர்டின் சமன்பாட்டுப் பட்டியலில் அந்தக் கூரையும் இல்லை.

எண்களில் மலேசிய வழக்கு வேறு, தமிழ்நாட்டு வழக்கு வேறு. இங்குள்ள பாடநூல்கள் ஆயிரத்தை இடைவெளியால் பிரிக்கின்றன: 4 078, 1 250 000. சொல்லிலும் நூறாயிரம், மில்லியன். லட்சமும் கோடியும் இல்லை. தட்டச்சை இந்தியாவுக்கு அனுப்பி வாங்கினால் 12,50,000 என்று வந்து சேர வாய்ப்பு அதிகம். அனுப்பும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடைவெளி எழுத்தளவில் ஆறிலொரு பங்கு. சாதாரண இடைவெளி போட்டுப் பத்தியை இருபக்கச் சீராக்கினால் அந்த இடைவெளியும் சேர்ந்து விரியும், 1 250 000 மூன்று எண்களாகும். நிலை அகல இடைவெளியைப் போட்டு, எண் முழுவதற்கும் 'உடையாதே' பண்பைக் கேரக்டர் ஸ்டைல் வழியே கொடுக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் குறுகிய பத்தியில் இருபக்கச் சீர் எப்படியும் ஓட்டை விழும். கணிதப் பக்கத்துக்கு இடச்சீரே நல்லது.

அலகுகளில் தமிழ்ச் சுருக்கம் பயன்படுத்தினால் 'செ.மீ' நடுவே வரி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'செ.மீ³' இன்னொரு இடறல்: 'மீ'யின் சுழி வலப்பக்கம் மேலே முடியும் அதே இடத்தில்தான் ³ வந்து உட்காரும். அச்சில் இரண்டும் ஒட்டி ஒரு கறையாகத் தெரியும். மயிரிழை இடைவெளி ஒன்றைச் செருகி, மேலிலக்கத்தை இன்னும் ஒரு பாயிண்ட் உயர்த்தினால் தீரும். பாகைக் குறிக்கு °ஐத்தான் போட வேண்டும். மேலேற்றிய சுழியம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உரையை நகலெடுத்தால் 90° என்பது 900 ஆகிவிடும். கழித்தலுக்கு விசைப்பலகையின் சிறுகோடு வேண்டாம்; யூனிகோடு 2212 எண்ணில் உள்ள குறி + குறியின் அகலத்துக்குச் சமமாக இருக்கும்.

சமன்பாட்டுக் கருவிகளுக்குள் தமிழ்ச் சொல் எழுதுவதில் எச்சரிக்கை தேவை. 'விற்ற பழங்கள்' மேலும் 'மொத்தப் பழங்கள்' கீழும் வைத்து × 100 எழுதும் விழுக்காட்டுச் சூத்திரம் எல்லா நூலிலும் வரும். டெக்கின் கணித நிலை ஒவ்வொரு எழுத்தையும் தனிக் குறியாகப் பார்க்கும்; உயிர்மெய்யைச் சேர்க்காது, 'மொ' சிதறும். சொற்களை உரைப் பெட்டிக் கட்டளைக்குள் வைத்தே கணிதத்துக்குள் நுழைக்க வேண்டும். டெக் குடும்பத்தில் தமிழுக்கு ஸீலாடெக் அல்லது லுவாலாடெக்தான், பழைய லாடெக் அல்ல. செங்குத்துக் கணக்குக்கு எக்ஸ்லாப் என்ற தொகுப்பு உண்டு. ஐம்பது பெருக்கலை விடையோடும் இடைப்படிகளோடும் தானே அடுக்கித் தரும். ஆனால் அதன் வகுத்தல் வடிவம் பிரெஞ்சுப் பள்ளி முறை, இங்கே செல்லாது. வண்ணப் படம் நிறைந்த முதலாம் ஆண்டு நூலை லாடெக்கில் செய்வது வீண் பிடிவாதம். பயிற்சி மையங்களின் கேள்வித் தொகுப்புக்கு அது கைகொடுக்கும்.

வேர்டில் பழைய 'ஈக்வேஷன் எடிட்டர் 3.0'இல் அடித்த கேள்வித்தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. பாதுகாப்புக் குறையால் மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் அதை நீக்கிவிட்டது. சமன்பாடு தெரியும், தொட்டால் திறக்காது. மேத்டைப்பில் திறந்து மாற்றலாம். இன்டிசைனில் 2024 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் மேத்எம்எல் என்னும் கணிதக் குறிமொழி வழிச் சமன்பாடு சேர்க்கலாம். அது பக்கத்தில் வரைபடமாகவே உட்காரும், ஆகவே மேலே சொன்ன அடிவரிக் கணக்கை மறக்கக் கூடாது.

அச்சுக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் கெடுவது கறுப்பு. வேர்டிலிருந்து வரும் சமன்பாட்டின் கறுப்பு திரைக்கான கறுப்பு. நான்கு வண்ணத்துக்கு மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகும். பெரிய எழுத்தில் தெரியாது. 0.5 பாயிண்ட் பின்னக்கோட்டில் தட்டு மயிரிழை விலகினாலும் கோட்டுக்கு நீலநிழல் விழும், சின்ன இலக்கம் மங்கும். அக்ரோபேட்டின் வண்ணப்பிரிவு முன்னோட்டத்தில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது பின்னம் மிச்சம் நின்றால் அது கலப்புக் கறுப்பு. நகலெடுக்கும் இயந்திரத்தில் ஓடப்போகும் பயிற்சித்தாள் என்றால் கோட்டை 0.75க்கு உயர்த்திவிடுங்கள். 0.25 பாயிண்ட் கோடு திரையில் அழகாக இருக்கும். நகலின் நகலில் தொகுதியும் பகுதியும் கோடில்லாமல் நிற்கும், பிள்ளை அதை இரண்டு வரிக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டியும் வைக்கும்.

ஆசிரியர் பதிப்புக்கு விடைகளைத் தனி லேயரில் சிவப்பில் வைத்து, மாணவர் பதிப்புக்கு அந்த லேயரை அணைப்பது நடைமுறை. உரை ஓட்டத்துக்குள் விடையை எழுதிவிட்டால் லேயரால் அதை மறைக்க முடியாது. விடைக்குத் தனிச் சட்டம் வேண்டும். ஆங்கர் செய்த பின்னச் சட்டம் தான் நிற்கும் உரையின் லேயரிலேயே சேர்ந்துவிடும். ஆகவே விடைச் சட்டம் விடை லேயரில் இருந்தால் அதற்குள் உள்ள பின்னமும் அதோடு மறையும். கேள்வி உரையின் மேல் விடைப் பின்னத்தை நேராக ஆங்கர் செய்திருந்தால் மாணவர் பதிப்பில் விடை சிவப்பாகவே அச்சாகி வரும்.